காவல் இல்லாத ஒயர்

அக்கா வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிய முதல் வாரம் அது. சமையலறையில் இருந்த ஒரே பவர் பாயின்ட்டை ஃப்ரிட்ஜ் பிடித்துக்கொண்டதால், ஹாலில் டிவிக்காக வாங்கிப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சமையலறைக்கு இழுக்கப்பட்டிருந்தது. அடுப்பின் பிளக்கில் பின்கள் தடிமன். பாக்ஸின் துளைகள் சின்னவை. பக்கத்துக் கடையில் கன்வெர்ட்டர் பிளக் கிடைத்துவிட்டது. அதே பாக்ஸில் மிக்ஸியும் சொருகியாயிற்று. ஒரு பக்கம் சாம்பார் கொதிக்க, இன்னொரு பக்கம் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தரையில் கிடந்த வெள்ளை ஒயர் என் காலில் பட்டது. வெயிலில் நின்ற சைக்கிளின் சீட்டைத் தொட்டதுபோல் இருந்தது.

"அக்கா, முதல்ல ஆஃப் பண்ணு" என்றேன்.

"ஏன்டா? ட்ரிப் ஆகலையே! ஆபத்துன்னா ட்ரிப்பர் விழுந்திருக்காதா?"

பள்ளியில் இருபது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கேள்வி நியாயமானது. புதிதாகக் கட்டிய வீடு, நல்ல ஒயரிங், அக்கா ட்ரிப்பர் என்று சொன்ன எம்சிபியும் புதிது. ஒயர் கொதிக்கும்போது அந்த எம்சிபி ஏன் சும்மா இருந்தது? இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்க வேண்டும். செம்பு நல்ல கடத்திதான். ஆனாலும் அதற்குள் ஓடும் எலெக்ட்ரான்கள் அணுக்களின் அதிர்வில் இடறி இடறித்தான் போகின்றன. ஒவ்வோர் இடறலிலும் கொஞ்சம் ஆற்றல் உலோகத்துக்குச் சூடாகக் கைமாறுகிறது. ஒரு மீட்டர் நீளம், 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு கொண்ட செம்புக் கம்பியின் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் சுமார் 0.0172 ஓம். எண் மிகச் சிறியதாக இருப்பதால்தான் நாம் ஒயரைப் பொருட்படுத்துவதில்லை.

இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத அந்த இளைஞர் 1841ல் வெளியிட்ட கட்டுரையில்தான் ஒயர்களின் தலைவிதி எழுதப்பட்டது. கம்பியில் பிறக்கும் வெப்பம் அதன் மின்தடைக்கும், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் ஏற்றபடி இருக்கும் என்று அவர் கண்டார். இந்த 'வர்க்கம்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. "கொஞ்சம்தானே கூடுதலாக எடுக்கிறது" என்று நாம் நினைக்கும் இடத்தில் ஒயர் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

அக்கா வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். அடுப்பு 2000 வாட், மிக்ஸி 750 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 12 ஆம்பியர். அந்த எக்ஸ்டென்ஷன் ஒயரின் உறையில் பொடி எழுத்தில் இருந்த அளவு 0.75 சதுர மில்லிமீட்டர். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. ஆக ஒவ்வொரு மீட்டர் ஒயரிலும் 0.046 ஓம் தடை. 12ஐ வர்க்கப்படுத்தி அதனால் பெருக்கினால் மீட்டருக்கு 6.6 வாட். செம்பு சூடாகச் சூடாக அதன் தடையும் ஏறும்: ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம், 70 டிகிரியில் கிட்டத்தட்ட 20 சதவீதம். எனவே உண்மையில் மீட்டருக்கு 8 வாட்டை நெருங்கியிருக்கும். ஒரு சின்ன எல்இடி பல்பின் திறன் அது. ஒவ்வொரு மீட்டர் ஒயருக்குள்ளும் அப்படி ஒரு பல்பைத் திணித்து, வெளிச்சமே இல்லாமல் முழுவதையும் சூடாக மாற்றினால் எப்படியோ அப்படி.

8 வாட் எப்படிக் காலைச் சுடும் என்று தோன்றலாம். சூடு எவ்வளவு பிறக்கிறது என்பது பாதிக் கதை; பிறந்த சூடு எப்படி வெளியே போகிறது என்பது மீதி. கீழே சின்ன ஓட்டை உள்ள தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டால் நீர்மட்டம் ஏறும். ஏற ஏற ஓட்டை வழியே வேகமாகப் போகும். ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகி மட்டம் நின்றுவிடும். ஒயரில் வெப்பநிலை இப்படித்தான் ஏறி நிற்கிறது. உள்ளே செம்பில் பிறக்கும் சூடு பிளாஸ்டிக்கைக் கடந்து, மேல்தோலுக்கு வந்து, சுற்றியுள்ள காற்றில் கலக்க வேண்டும். அந்த மேல்தோல்தான் தொட்டியின் ஓட்டை. மெல்லிய ஒயருக்கு மேல்தோல் குறைவு, தடையோ அதிகம். இரண்டு பக்கமும் அதற்கு அடி.

மட்டம் எங்கே நிற்கலாம் என்பதைச் செம்பு தீர்மானிப்பதில்லை. செம்பு 1085 டிகிரி வரை உருகாது. தீர்மானிப்பது அதன்மேல் போர்த்தியிருக்கும் பிவிசி. சாதாரண பிவிசி உறைக்குத் தொடர்ந்து தாங்கக்கூடிய எல்லை, கம்பியின் வெப்பநிலையில் 70 டிகிரி. 71 டிகிரியில் அது உருகிவிடாது, அதுதான் ஏமாற்றுகிறது. பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாயாக நாம் பார்ப்பது அதன் இயல்பு வடிவம். அதை ஒயரின் உறையாக வளைய வைக்க, எண்ணெய் போன்ற மென்மையூட்டிகளைக் கலக்கிறார்கள். எல்லையைத் தாண்டிய சூட்டில் அந்த மென்மையூட்டி மெல்ல ஆவியாகிப் போகிறது. சில வருடங்களில் ஒயர் விறைத்து, வளைத்தால் வெடிக்கிறது. பழைய டேபிள் ஃபேனின் ஒயரை மடக்கும்போது ஓடுபோல் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். இன்னும் கூடுதல் சூட்டில் உறை இளகி, இரண்டு கம்பிகளும் அழுத்தத்தில் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து தொட்டுக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் பிவிசியில் உள்ள குளோரின் பிரிந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளிவரும். மூச்சில் கலந்தால் நுரையீரலை அரிக்கும்.

ஒரு ஒயருக்கு 'இத்தனை ஆம்பியர்' என்று அட்டவணையில் எழுதும்போது உண்மையில் எழுதுவது ஒரு வெப்பநிலையை. சாதாரணச் சூழலில், காற்றோட்டமாகக் கிடக்கும்போது, உறையின் எல்லையைத் தாண்டாமல் தொடர்ந்து எவ்வளவு ஓட்டலாம் என்பதே அந்த எண். இந்தியத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் பிவிசி வளையும் ஒயர்களுக்குப் பொதுவாகக் காணப்படும் எண்கள் இவை: 0.5 சதுர மில்லிமீட்டருக்கு 4 ஆம்பியர், 0.75க்கு 7, 1க்கு 11, 1.5க்கு 14, 2.5க்கு 19, 4க்கு 26. பிரிட்டனின் அட்டவணையில் 0.75க்கு 6, 1க்கு 10, 1.5க்கு 16 என்று இருக்கும். இயற்பியல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எந்தச் சூழலை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பதில்தான் வித்தியாசம். அக்கா வீட்டு ஒயருக்கு இந்த அட்டவணைகளில் எதை எடுத்தாலும் 12 ஆம்பியர் இல்லை.

மேலே உள்ள எண்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? 1.5லிருந்து 4க்குப் போகும்போது செம்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆம்பியர் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. சதுர மில்லிமீட்டருக்கு ஒன்பது ஆம்பியருக்கு மேல் சுமந்தது, 4ல் ஆறரைக்கு இறங்கிவிடுகிறது. பிரிட்டிஷ் தபால் துறையின் மின்பொறியாளர் வில்லியம் ஹென்றி பிரீஸ், 1884ல் கம்பிகளை உருகும்வரை சூடாக்கிப் பார்த்து ஒரு விதியைச் சொன்னார்: உருகும் மின்னோட்டம் கம்பியின் விட்டத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப இருக்கும். செம்பின் பரப்பு விட்டத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. சூட்டை வெளியேற்றும் தோலோ விட்டத்தோடு மட்டுமே கூடுகிறது. எனவே பருத்த ஒயர் ஒவ்வொரு துளி செம்புக்கும் குறைவாகத்தான் சுமக்க முடியும். 'ஒரு ஸ்கொயருக்கு இத்தனை ஆம்பியர்' என்று ஒரே எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பெரிய ஒயருக்கும் பெருக்கிப் போடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

கடைகளில் இன்னொரு மொழியும் உண்டு. பழைய எலெக்ட்ரிக்கல் கடையில் நின்றால் "40/76 ஒரு காயில் குடுங்க" என்று யாராவது கேட்பது காதில் விழும். 40 என்பது இழைகளின் எண்ணிக்கை. 76 என்பது ஒவ்வோர் இழையின் விட்டம், 0.0076 அங்குலம், அதாவது 0.193 மில்லிமீட்டர். பிரிட்டிஷார் அங்குலத்தில் அளந்த காலத்தின் எச்சம் இது. 40 இழைகளின் பரப்பையும் கூட்டினால் சுமார் 1.17 சதுர மில்லிமீட்டர். 23/76 என்றால் 0.67. இந்தப் பழைய பெயர் எனக்குப் பிடிக்கும். ஒயருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. வெட்டி எண்ணியும் பார்த்துவிடலாம்.

ஏன் இத்தனை இழைகள்? சுவருக்குள் போகும் ஒயர் ஒருமுறை வளைந்தால் ஆயுள் முழுக்க அப்படியே கிடக்கும். அயர்ன் பாக்ஸ் ஒயரோ ஒரு சட்டைக்குப் பத்து முறை வளைகிறது. கம்பியை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது. இந்த இழுவை கம்பியின் விட்டத்துக்கு ஏற்ப கூடும். 1.5 சதுர மில்லிமீட்டரை ஒரே கம்பியாகச் செய்தால் விட்டம் 1.38 மில்லிமீட்டர். அதை 3 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளித்தோல் 2.3 சதவீதம் நீள வேண்டும். சில நூறு முறை இப்படி வளைந்தால் ஒடிந்துவிடும். அதே செம்பை 0.25 மில்லிமீட்டர் இழைகள் முப்பதாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 0.4 சதவீதம்தான் நீள வேண்டும். கயிறு திரிக்கிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஒரே நாரைப் பருமனாக எடுக்காமல் பல புரிகளை முறுக்குவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் இழைகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. பிளக்கை ஒட்டிய இடத்திலேயே திரும்பத் திரும்ப வளைந்தால் அவை ஒவ்வொன்றாக அறும். வெளியே உறை அப்படியே இருக்கும். உள்ளே 24 இழைகளில் 10 மிச்சம். வாங்கியது 0.75, அந்த இடத்தில் இருப்பது 0.3. பிளக்கின் கழுத்தில் ரப்பர் வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது வளைவை ஒரே இடத்தில் விழாமல் பரப்பிவிடுவதற்காக வைத்தது. வால் கிழிந்தால் பிளக்கை மாற்ற வேண்டும்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். எம்சிபி ஏன் விழவில்லை?

அந்த இணைப்பில் இருந்தது 16 ஆம்பியர் எம்சிபி. அது காவல் காப்பது சுவருக்குள் ஓடும் 2.5 ஸ்கொயர் ஒயரை. சாக்கெட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் எந்த ஒயரை மாட்டுகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. 12 ஆம்பியர் என்பது 16க்குக் கீழே. அதன் கணக்கில் எல்லாம் சரி. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாதது. எம்சிபிக்கான தரநிலையின்படி, எழுதியிருக்கும் அளவைப் போல் 1.13 மடங்கு மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இந்த இரண்டும் 18 ஆம்பியர், 23 ஆம்பியர். அதாவது 7 ஆம்பியர் தாங்கும் ஒயரில் 18 ஆம்பியர் ஓடினாலும், நல்ல நிலையில் உள்ள எம்சிபி அமைதியாகவே இருக்கும். அது பழுது அல்ல. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

7க்கும் 18க்கும் உள்ள தூரத்தை ஜூலின் வர்க்கத்தில் அளந்தால் சூடு 6.6 மடங்கு. 7 ஆம்பியரில் ஒயர் சுற்றுப்புறத்தைவிட 30 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 18ல் அது 200 டிகிரி அளவுக்கு ஏறப் பார்க்கும். தோராயக் கணக்குதான். ஆனால் பிவிசிக்கு 70 போதும்.

ஷார்ட் சர்க்யூட் ஆனால் எம்சிபி கண்ணிமைக்கும் நேரத்தில் விழும், அதில் குறையில்லை. பூமிக்குக் கசிந்தால் ஆர்சிசிபி விழும். மெலிந்த ஒயரில் மிதமிஞ்சிய ஆனால் எம்சிபியின் எல்லைக்குள் அடங்கிய மின்னோட்டம் ஓடும் அந்த நடுப்பகுதிக்குத்தான் காவலே கிடையாது.

பிரிட்டன் இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான வீடுகளைக் கட்ட வேண்டியிருந்தது. செம்பைச் சிக்கனமாகப் பயன்படுத்த, ஒரே வளையமாக வீட்டைச் சுற்றிவரும் 30 ஆம்பியர் இணைப்பைக் கொண்டுவந்தார்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ், மேசை விளக்கின் மெல்லிய ஒயரை எப்படிக் காக்கும்? 1947ல் வெளிவந்த அவர்களுடைய பிளக் தரநிலை இதற்கு விடை சொன்னது: ஒவ்வொரு பிளக்குக்குள்ளேயும் ஒரு ஃப்யூஸ். விளக்குக்கு 3 ஆம்பியர், கெட்டிலுக்கு 13. ஒயர் தொடங்கும் இடத்திலேயே அதற்கென்று ஒரு காவலாளி. இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் இந்தச் சதுரப் பின் பிளக்கை நன்கு அறிவார்கள். அதைத் திறந்து 3 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்த இடத்தில் 13 ஆம்பியரைப் போட்டால், பிளக் வேலை செய்யும், காவலாளி போய்விடுவான்.

இந்தியா அதற்கு முந்தைய, 1934ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் தரநிலையின் உருண்டைப் பின்களோடு நின்றுவிட்டது. நம் பிளக்கில் ஃப்யூஸ் கிடையாது. ஆனால் அதற்கென்று ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. சிறிய பிளக்கின் மின்பின்கள் 5.1 மில்லிமீட்டர் விட்டம், பெரிய பிளக்கில் 7.1. அதிகம் இழுக்கும் கருவிக்குப் பெரிய பிளக். அது சிறிய சாக்கெட்டில் நுழையவே நுழையாது. பின்னின் பருமனே பூட்டு. கன்வெர்ட்டர் பிளக் என்று நாம் முப்பது, நாற்பது ரூபாய்க்கு வாங்குவது இந்தப் பூட்டின் கள்ளச்சாவி. அக்கா வீட்டில் அடுப்பின் பிளக் நுழையாமல் நின்ற அந்தக் கணத்தில், அந்த அமைப்பு தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதைக் கேட்டிருந்தால் போதும்.

அட்டவணை எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அது ஒரு சூழலுக்கான எண். 30 டிகிரி காற்றில் வைத்து எழுதிய எண்ணை 40 டிகிரியில் 0.87ஆல் பெருக்க வேண்டும், 45ல் 0.79ஆல், 50ல் 0.71ஆல். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் அயர்ன் கடை நடத்துபவரின் ஒயருக்கு, கடைசி எண்தான் பொருந்தும். கம்பளத்துக்கு அடியில் போட்டாலும், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே சொருகினாலும், நான்கைந்து ஒயர்களைச் சேர்த்து டை போட்டுக் கட்டினாலும், தொட்டியின் ஓட்டையை அடைத்துவிடுகிறோம்.

இவற்றில் மோசமானது சுருட்டி வைப்பது. கல்யாண மண்டபங்களிலும் திருவிழா மேடைகளிலும் 30 மீட்டர் ஒயர் டிரம்மில் சுற்றி இருக்கும். தேவைப்படுவது ஐந்து மீட்டர் என்றால் ஐந்தை மட்டும் உருவிவிட்டு மீதியை அப்படியே விடுவார்கள். 1.5 ஸ்கொயர் ஒயரில் 16 ஆம்பியர் ஓடினால் 30 மீட்டரில் 200 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். விரித்துக் கிடந்தால் அது காற்றோடு போகும். டிரம்முக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடந்தால், நடுவிலுள்ள சுற்றுகளின் சூடு பக்கத்துச் சுற்றுக்குப் போகும். அதுவும் சூடாக இருக்கும். காயிலாகச் சுற்றினால் காந்தப்புலம் உண்டாகிச் சூடேறுகிறது என்று விளக்கம் சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். அது தவறு. ஒரே ஒயருக்குள் போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் எதிரெதிர். அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். சூடு வெளியேற வழியில்லை என்பது மட்டுமே காரணம். நல்ல டிரம்களில் சுருட்டிய நிலைக்கு ஒரு வாட் அளவு, முழுக்க விரித்த நிலைக்கு வேறொரு வாட் அளவு என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்களை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. மண்டபத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீளம் கூடினால் ஒயர் கூடுதலாகச் சுடாது. ஒவ்வொரு மீட்டரும் தன் சூட்டைத் தானே பிறப்பித்துத் தானே வெளியேற்றிக்கொள்கிறது. நீளம் பாதிப்பது வோல்டேஜை. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். 50 மீட்டர் தள்ளி, 1 ஸ்கொயர் ஒயரில் அதை ஓட்டினால் வழியிலேயே 10 வோல்ட் போய்விடும். அது பரவாயில்லை. ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு இழுக்கும்; அப்போது 50 வோல்ட் போகும். மிச்சமிருக்கும் 180 வோல்ட்டில் அது சுழல முடியாமல் உறுமிக்கொண்டு நின்றால், கிளம்பும் மின்னோட்டமே தொடர்ந்து ஓடி வைண்டிங்கைக் கருக்கிவிடும். ஆம்பியருக்கு 1 ஸ்கொயர் போதும் என்றாலும், இந்தத் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் தேவைப்படுகிறது.

ஒயரின் நடுப்பகுதியைவிட அதன் முனைகள்தான் முதலில் கருகுகின்றன. பிளக்கைத் திறந்தால் ஒரு பின் மட்டும் பழுப்பேறி, பக்கத்து உறை இளகியிருக்கும். திருகு தளர்ந்து, செம்பும் பித்தளையும் சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே 0.1 ஓம் தடை வந்தாலும் போதும்; 10 ஆம்பியரில் 10 வாட் சூடு, மிளகு அளவு இடத்தில். சூட்டில் செம்பின் மேற்பரப்பு ஆக்சைடாகும், தடை இன்னும் ஏறும், இன்னும் சுடும். நுனி பிரியாமல் இருக்க இழைகளில் ஈயம் பற்றவைத்துத் திருகுக்கு அடியில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்த ஈயக் கலவை அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும் பொருள். சில மாதங்களில் திருகு தானாகத் தளர்ந்துவிடும். இழைகளை முறுக்கி, மடித்து வைத்து இறுக்குவது மேல். பின் லக் போட்டு அழுத்துவது அதைவிட மேல்.

வாங்கும்போது ஒரு மோசடிக்கும் கவனமாக இருக்க வேண்டும். விலை ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும் எக்ஸ்டென்ஷன்களில் இழைகள் செம்பு நிறத்தில் இருக்கும். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின்மேல் மெல்லிய செம்புப் பூச்சு. அலுமினியத்தின் தடை செம்பைவிட 1.6 மடங்கு. உறையில் 1.5 என்று எழுதியிருந்தாலும் அது 1 ஸ்கொயர் செம்பு அளவுக்குத்தான் நடந்துகொள்ளும். நாலைந்து முறை வளைத்தால் இழைகள் அறுந்தும் போகும். இந்தியாவில் பிவிசி ஒயருக்கு ஐஎஸ் 694 தரநிலையும் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். உறையின் நீளம் நெடுக அச்சிட்டிருக்க வேண்டும். எதுவுமே அச்சிடாத மொட்டை ஒயரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

அயர்ன் பாக்ஸின் ஒயருக்கு மட்டும் ஏன் நூல் பின்னிய உறை என்று குழந்தைகள் கேட்பார்கள். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் இழுப்பது நாலரை ஆம்பியருக்கும் குறைவு. ஆம்பியர் அங்கே பிரச்சினையே இல்லை. சுடும் தகடு ஒயரில் பட்டால் பிவிசி இளகிவிடும். அதனால் இளகாத ரப்பரை உள்ளே வைத்து, மேலே பருத்தி நூல் பின்னுகிறார்கள். கருவி தரும் சூட்டையும் கணக்கில் எடுத்து உறையைத் தேர்ந்தெடுத்ததற்கு அது நல்ல உதாரணம். அந்த ஒயர் பழுதானால், கடையில் கையில் கிடைத்த வெள்ளை பிவிசி ஒயரை மாற்றிப் போடக் கூடாது.

வீட்டுக் கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலை, கருவியின் ஒயருக்குக் குறைந்தபட்ச அளவை இப்படி வைத்திருக்கிறது: 3 ஆம்பியர் வரை 0.5, அதற்கு மேல் 6 வரை 0.75, 10 வரை 1, 16 வரை 1.5. ஒயர் 2 மீட்டருக்குள் அடங்கினால் கடைசி இரண்டுக்கும் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம். புது இண்டக்‌ஷன் அடுப்போடு வரும் ஒயர் நாம் எதிர்பார்ப்பதைவிட ஒல்லியாக இருப்பதற்கு இந்தச் சலுகையே காரணம். அந்தக் குட்டை ஒயருக்குத் தந்த சலுகை, அதோடு நீங்கள் சேர்க்கும் ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷனுக்குச் செல்லாது.

அக்கா வீட்டுக்கு வந்த எலெக்ட்ரீஷியன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கையில் எடுத்து, ஒயரை ஒருமுறை விரலால் உருட்டிப் பார்த்தார். "டிவிக்கு இது போதும்மா. அடுப்புக்கு இது ஆகாது. மேடைக்கு மேலயே ஒரு பவர் பாயின்ட் இழுத்துடுறேன், ரெண்டரை ஸ்கொயர்ல" என்றார். அரை நாள் வேலை. டிவி பாக்ஸ் ஹாலுக்கே திரும்பிப் போய்விட்டது. ஆனால் அதன் ஒயர் இப்போதே கொஞ்சம் விறைத்திருக்கிறது என்று அவர் காட்டிய பிறகு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டார் அக்கா.

உங்கள் வீட்டில் ஹீட்டரோ அடுப்போ அயர்ன் பாக்ஸோ எக்ஸ்டென்ஷனில் ஓடுகிறதென்றால், அரை மணி நேரம் ஓடியபின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உடனே அந்த ஒயரை நீளம் முழுக்கத் தொட்டுப் பாருங்கள்; பிளக்கின் பின்களையும் தொடுங்கள். விரலுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே செம்பு அதைவிடச் சூடாக இருக்கிறது. கையை வைத்திருக்க முடியாமல் சுட்டால், அந்த ஒயரை மறுபடி சொருகாதீர்கள்.